ஹப்பில் கை வைத்துப் பாருங்கள்: டிரெய்லர் பராமரிப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

டிராக்டருக்குப் பின்னால் ஓடும் டிரெய்லரைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். டிராக்டருக்கு மணிக்கணக்குப் பார்த்து ஆயில் மாற்றுகிறவர்கள்கூட, எஞ்சின் இல்லை என்ற ஒரே காரணத்தால் டிரெய்லரை அப்படியே விட்டுவிடுகிறார்கள் என்பது கடிதங்களைப் படிக்கும்போது தெரிகிறது.

கேள்வி: எங்களிடம் இரண்டு சக்கர டிப்பர் டிரெய்லர் இருக்கிறது. வாங்கி ஆறு வருடங்கள் ஆகின்றன. நெல், எரு, வைக்கோல், செங்கல் என்று எல்லாவற்றையும் அதில்தான் ஏற்றுகிறோம். சென்ற சம்பா அறுவடையின்போது நெல் மூட்டைகளுடன் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் வழியில் இடது சக்கரத்தின் பேரிங் எரிந்து, ஆக்சில் முனையும் கெட்டுவிட்டது. மாதம் ஒருமுறை நெப்பல் (கிரீஸ் ஏற்றும் முனை) வழியாகக் கிரீஸ் அடித்துக்கொண்டுதான் இருந்தோம். அப்படியிருந்தும் ஏன் இப்படி ஆயிற்று? - ஒரு விவசாயி, மன்னார்குடி

பதில்: மாதந்தோறும் கிரீஸ் அடித்தும் பேரிங் எரிந்தது என்று எழுதுகிற முதல் ஆள் நீங்கள் இல்லை. நெப்பல் வழியாக உள்ளே போகும் புதுக் கிரீஸ், இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) இருக்கும் காலி இடத்தில்தான் முதலில் நிறைகிறது. உருளைகளுக்கு இடையில் ஏற்கெனவே காய்ந்து கெட்டியாகிவிட்ட பழைய கிரீஸை அது முழுவதுமாக வெளியே தள்ளுவதில்லை. அதோடு, கிரீஸ் துப்பாக்கியை வேகமாக அழுத்தி அளவுக்கு மீறி அடித்தால் அந்த அழுத்தத்தில் உட்பக்க ஆயில் சீல் (கிரீஸை உள்ளே அடைத்திருக்கும் வளையம்) இடம்விட்டு நகர்ந்துவிடும். சீல் நகர்ந்த பிறகு கிரீஸ் வெளியே வழிவதும், சேறும் தண்ணீரும் உள்ளே போவதும் ஒரே வழியில் நடக்கும். நீங்கள் நல்லது என்று நினைத்துச் செய்த வேலையே சீலைக் கெடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

உங்கள் ஊர்ப் பக்கத்தில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. பாரம் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, டிரெய்லரைக் கழுவுவதற்காக அப்படியே வாய்க்காலுக்குள்ளோ குளத்துக்குள்ளோ இறக்கிவிடுகிறார்கள். பல கிலோமீட்டர் ஓடிவந்த ஹப் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூட்டில் விரிந்திருக்கும். குளிர்ந்த தண்ணீரில் சக்கரம் முங்கியதும் அந்தக் காற்று சட்டென்று சுருங்குகிறது. சுருங்கும் காற்று, சீலின் உதட்டு வழியே வெளியிலிருக்கும் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. அன்றைக்கு எதுவும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து ஹப்பைத் திறந்தால், கிரீஸ் பால் விட்ட காபியின் நிறத்தில் இருக்கும். அதற்குள் பேரிங்கில் துரு பிடித்திருக்கும். கழுவியே ஆக வேண்டுமென்றால் ஹப் ஆறும்வரை நிழலில் நிறுத்திவிட்டு, பிறகு கரையிலேயே வைத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். வேறு வழியின்றி ஆக்சில் முங்கும் அளவுக்குத் தண்ணீரில் ஓட்ட நேர்ந்தால், ஓரிரு நாட்களுக்குள் ஹப்பைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

வருடத்துக்கு ஒருமுறை ஹப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து புதுக் கிரீஸ் வைப்பதற்கு நெப்பல் மாற்று ஆகாது. டெல்டாவில் வேலை குறைந்திருக்கும் சித்திரை, வைகாசி மாதங்கள் இதற்குத் தோதானவை. எருவும் சேறும் அதிகம் பார்க்கும் டிரெய்லர் என்றால் வருடத்துக்கு இருமுறை திறப்பேன். வேலையைப் பட்டறையில் கொடுத்தாலும் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காக வரிசையைச் சொல்கிறேன்.

பாரம் இல்லாத டிரெய்லரை டிராக்டரோடு பூட்டியபடியே சமதரையில் நிறுத்தி, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்த பிறகுதான் ஜாக்கி ஏற்ற வேண்டும். ஜாக்கியைத் தொட்டித் தகட்டுக்கு அடியில் கொடுக்காமல் ஆக்சிலுக்கு அடியில் கொடுங்கள். உயர்ந்ததும் ஆக்சிலுக்கு அடியில் கனமான மரக்கட்டையோ ஸ்டாண்டோ வைத்து அதன்மீது இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எதையும் கழற்றக் கூடாது. டஸ்ட் கேப்பைத் தட்டி எடுத்தால் உள்ளே காசல் நட்டும் (விளிம்பில் வெட்டுகள் உள்ள நட்டு) அதைப் பூட்டியிருக்கும் ஸ்பிளிட் பின்னும் தெரியும். பின்னை நிமிர்த்தி இழுத்துவிட்டு நட்டைக் கழற்றினால் வாஷர், வெளிப்பக்கச் சிறிய பேரிங், ஹப், உட்பக்கப் பெரிய பேரிங், ஆயில் சீல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும்.

பேரிங்கை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவைத்து, பிரஷ்ஷால் ஒவ்வோர் உருளையாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். காய வைக்கக் காற்று அடிக்கும்போது, பேரிங்கைக் காற்றின் வேகத்தில் விர்ரென்று சுழலவிட்டு வேடிக்கை பார்க்கும் பழக்கம் பட்டறைப் பையன்களிடம் உண்டு. கிரீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் உருளைகள் கீறிக்கொள்ளும். உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு உடைந்து உருளை தெறித்தால் கண் போய்விடும். காய்ந்த பேரிங்கை வெயிலில் பிடித்துப் பாருங்கள். உருளையின் முகம் கண்ணாடிபோல் இருந்தால் மறுபடியும் போடலாம். அம்மைத் தழும்பு போன்ற குழிகளோ, மயில்கழுத்து நிறத்தில் நீலம் பாய்ந்த பட்டையோ தெரிந்தால் அது சூடேறி வலுவிழந்த பேரிங், தூக்கிப் போட்டுவிடுங்கள். அப்படி மாற்றும்போது, உருளைகள் இருக்கும் கோனை மட்டும் வாங்கிவிட்டு ஹப்புக்குள் இறுகியிருக்கும் பழைய கப்பை அப்படியே விடுவது பணத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். பழைய கப்பில் விழுந்திருக்கும் தடம் புதுக் கோனைச் சீக்கிரமே தின்றுவிடும் என்பதால் இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். சீல் எப்போதும் புதிதுதான். அதன் ஸ்பிரிங் இருக்கும் பக்கம் கிரீஸ் இருக்கும் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

உள்ளங்கையில் ஒரு குவியல் லித்தியம் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற வாயை அதில் அழுத்தி அழுத்தி வழியுங்கள். உருளைகளுக்கு இடையே புகுந்து மறுபக்கம் கிரீஸ் புழுவைப்போல் எட்டிப் பார்க்கும்வரை அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி முழு வட்டத்தையும் முடிக்க வேண்டும். இதற்குக் கையைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. ஹப்பின் உட்குழியை முழுவதும் நிரப்பாமல் பாதியோடு நிறுத்துங்கள். சூட்டில் விரிவதற்கு இடம் வேண்டும். பழைய கிரீஸ் என்ன வகை என்று தெரியாவிட்டால் அதன்மேல் புதியதைப் பூசாதீர்கள். ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு கிரீஸ்கள் கலந்தால் இளகி ஓடிவிடும்.

பூட்டும்போதுதான் அனுபவம் வேண்டியிருக்கிறது. சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே காசல் நட்டை இறுக்க வேண்டும்; சுற்றும்போது பிடிப்பது தெரிந்ததும் நிறுத்தி, நட்டின் அடுத்த வெட்டு ஆக்சிலின் துளைக்கு நேராக வரும் அளவுக்குப் பின்னோக்கித் தளர்த்த வேண்டும். இப்போது சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தடதடவென்று ஆடக் கூடாது. 'லாரி சக்கரம், நன்றாக இறுக்கினால்தான் நிற்கும்' என்று நீளக் குழாய் போட்டு இறுக்குகிறவர்களை நான் தடுத்திருக்கிறேன். இறுக்கிய பேரிங் எரிவதைப்போலவே, தொளதொளவென்று விட்ட பேரிங்கும் உடையும். ஸ்பிளிட் பின்னை மட்டும் புதிதாகப் போடுங்கள். சில ரூபாய்ப் பொருள். சக்கரம் கழன்று ஓடாமல் தடுப்பது அதுதான்.

இத்தனையும் வருடத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு நடைக்கும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: நிறுத்தும் இடத்தில் இறங்கி, இரண்டு ஹப்புகளின் மீதும் கை வைத்துப் பாருங்கள். நம் பண்ணை டிரெய்லர்கள் பெரும்பாலானவற்றில் பிரேக் கிடையாது. ஆகவே, ஹப்பில் தெரியும் சூடு பிரேக்கினுடையதாக இருக்க வழியில்லை. இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் பயமில்லை. வெயில் விழும் பக்கம் சற்றே கூடுதலாகச் சுடுவதும் இயல்பு. ஒன்றில் கையை வைத்திருக்கவே முடியாமல் எடுக்க நேர்ந்தால் பாரத்தோடு மேற்கொண்டு ஓட்டாதீர்கள். உங்கள் இடது பேரிங்கும் எரிவதற்கு முன் பல நடைகளுக்குக் கையில் இந்தச் சேதியைச் சொல்லியிருக்கும். என் வீட்டு டிரெய்லரில் ஒருமுறை இப்படிச் சுட்டதைத் தொட்டுப் பார்த்துவிட்டும், 'இன்னும் நாலு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டி, கடைசி ஒரு கிலோமீட்டரில் சக்கரம் சாய்ந்து ரோட்டிலேயே மூட்டைகளை மாற்றி ஏற்றினேன். அன்று ஆக்சில் முனையை லேத்தில் கொடுத்துச் சரிசெய்த செலவில் பல பேரிங் செட்டுகள் வாங்கியிருக்கலாம்.

கேள்வி: கரும்பு ஏற்றும் டிரெய்லரில் புது டயர் போட்டு ஒரே பருவத்தில் உள்பக்க ஓரம் மட்டும் தேய்ந்துவிட்டது. வெளிப்பக்கத்தில் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) அப்படியே இருக்கிறது. டயர் கடைக்காரர் டயரில் குறையில்லை என்கிறார். ரீட்ரெட் டயர் (பழைய டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது) போடலாமா என்பதையும் சொல்ல வேண்டுகிறேன். - ஒரு வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: டயர் கடைக்காரர் சொல்வது சரி. உங்கள் ஆக்சில் வளைந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பாரம் ஆக்சிலின் உள்பகுதியை அழுத்துகிறது. சக்கரங்கள் இரண்டு முனைகளிலும் தாங்குகின்றன. அளவுக்கு மீறி ஏற்றும்போது நடுப்பகுதி கீழே இறங்கி, முனைகள் மேலே எழும். அப்போது இரண்டு சக்கரங்களின் தலைகளும் உள்பக்கமாகச் சாயும். டயரின் உள் ஓரம் மட்டுமே ரோட்டில் அழுந்தும். கரும்பு பார்வைக்கு எடை குறைவாகத் தெரியும் சரக்கு. கட்டு மேல் கட்டாக ஏற்றி முடித்த பிறகு எடை மேடையில் ஏறினால்தான் உண்மை தெரியும். பதிவுச் சான்றிதழில் குறிப்பிட்டிருக்கும் மொத்த எடையை எடைச் சீட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வளைவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். காலி டிரெய்லரைச் சமமான சிமெண்ட் களத்தில் நிறுத்தி, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தை டயரின் உள்விளிம்பில் மேலேயும் கீழேயும் அளந்து பாருங்கள். மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் இருந்தால் ஆக்சில் வளைந்தது உறுதி. அதே கையோடு இன்னொரு அளவும் எடுத்துவிடலாம்: முன்னால் டிராக்டரில் மாட்டும் வளையத்தின் நடுவிலிருந்து ஆக்சிலின் இடது முனைக்கும் வலது முனைக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் ஆக்சிலைப் பிடித்திருக்கும் யு போல்ட் தளர்ந்து ஆக்சில் நகர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட டிரெய்லர் நேராக வராமல் நண்டுபோல் ஒருபக்கமாகச் சாய்ந்து வரும். பின்னால் பைக்கில் வருகிறவருக்கு அது நன்றாகத் தெரியும். ஸ்பிரிங் பட்டை உள்ள டிரெய்லர் என்றால் நடு போல்ட் அறுந்திருக்கிறதா, முதல் பட்டையில் விரிசல் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விரிசல் உள்ள இடத்தில் துரு ஒரு மெல்லிய செந்நிறக் கோடாகத் தெரியும்.

மற்றத் தேய்மானங்களைப் படிப்பது எளிது. டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு. டயருக்கு என்ன காற்று வேண்டும் என்பதை அதன் பக்கச் சுவரிலேயே, அந்தக் காற்றுக்கு எவ்வளவு எடை தாங்கும் என்பதோடு சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். கிலோபாஸ்கலில் இருந்தால் 100 கிலோபாஸ்கல் என்பது ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ. என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். காலையில், ஓட்டுவதற்கு முன்பு, டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓடி வந்த பிறகு அளந்து, காற்று கூடுதலாக இருக்கிறது என்று பிடுங்கிவிடுவது தவறு.

ரீட்ரெட் டயரை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மெதுவாக ஓடும் டிரெய்லருக்கு, உடம்பு நன்றாக இருக்கும் டயரை ரீட்ரெட் செய்து போடுவதில் தவறில்லை. அந்த உடம்பின் வயதைத்தான் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்று இருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் புதிதாக மின்னினாலும், பக்கச் சுவரை விரலால் அழுத்தி விரிக்கும்போது நூல் தெரியும் அளவுக்கு வெடிப்பு இருந்தால் வாங்காதீர்கள். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் அரைத் தேய்மானமும் போடுவதைத் தவிர்க்கப் பாருங்கள்.

டயர் மாற்றிய பிறகு பலரும் மறக்கும் ஒன்றைச் சொல்லி இதை முடிக்கிறேன். வீல் நட்டுகளை வரிசையாகச் சுற்றிவராமல் எதிரெதிராக இறுக்க வேண்டும். முதல் 50 கிலோமீட்டருக்குள் நிறுத்தி மறுபடியும் இறுக்க வேண்டும். நட்டைச் சுற்றிலும் துருப்பொடி கோலம்போட்டதுபோல் வழிந்திருந்தால் அந்த நட்டு தளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றுகிறோம். தொட்டியின் அடித்தகடு மூன்று வருடங்கூடத் தாங்குவதில்லை. ரெட் ஆக்சைடு அடித்தும் பயனில்லை. - ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: ரெட் ஆக்சைடு என்பது அடிப்பூச்சு மட்டுமே. அதன்மேல் எனாமல் பூச்சு அடிக்காமல் விட்டால் ஈரம் அதன் வழியாக ஊடுருவும். உப்புக்குப் போகும் டிரெய்லரில் துத்தநாகம் கலந்த பிரைமரோ எபாக்ஸி பிரைமரோ அடித்து, அதன்மேல் இரண்டு கை பெயிண்ட் அடிப்பது செலவானாலும் நிற்கும். ஆனால், எந்தப் பூச்சாக இருந்தாலும், அடியில் உப்பு ஒட்டியிருந்தால் சில மாதங்களில் கொப்புளம் கிளம்பும். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டிய கையோடு பெயிண்ட் அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சுரண்டிய பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு நாள் முழுவதும் வெயிலில் உலரவிட்டு, அதன் பிறகே பிரஷ்ஷை எடுக்க வேண்டும். உங்கள் பகுதியில் போர்த் தண்ணீரே பல இடங்களில் கரிக்கும் என்பதால், கடைசி அலசலுக்காவது குளத்துத் தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்துங்கள்.

தகடு மேலிருந்து அரிப்பதைவிடக் கீழிருந்து அரிப்பதுதான் அதிகம். தொட்டிக்கு அடியில் படுத்து, தகடும் அதைத் தாங்கும் இரும்புச் சேனலும் சேரும் இடங்களை ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையால் தட்டிப் பாருங்கள். டங்கென்று சத்தம் வந்தால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று வந்தால் துருதான் இருக்கிறது. மூலைகளில் உப்புத்தண்ணீர் தேங்காமல் வடிய ஓட்டைகள் இருக்க வேண்டும். இருக்கும் ஓட்டைகள் அடைபடாமலும் இருக்க வேண்டும். தார்ப்பாய் விரித்து ஏற்றுவது நல்ல யோசனைதான். பாரம் இறக்கியதும் பாயை எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அதன் அடியில் ஈரம் காயவே காயாது.

ஒட்டுத்தகடு வைக்கும்போது வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். கிளாம்பை வீல் டிஸ்க்கில் மாட்டிவிட்டுத் தொட்டியில் வெல்டிங் வைத்தால், மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். டிராக்டரையும் கழற்றித் தள்ளி நிறுத்திவிடுங்கள். பெயிண்ட் விஷயத்தில் இன்னொன்று: வீல் டிஸ்க் ஹப்பில் உட்காரும் முகத்திலும் நட்டு உட்காரும் இடத்திலும் தடிமனாகப் பெயிண்ட் அடிக்க விடாதீர்கள். ஓட ஓட அந்தப் பெயிண்ட் நசுங்கி, இறுக்கிய நட்டு தளர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் மலைப்பாதையில் இறங்கும்போது டிரெய்லர் டிராக்டரைத் தள்ளுகிறது. ஏறும்போது முன்சக்கரம் லேசாகத் தூக்குகிறது. பிரேக்கில் குறை இருக்குமா? - ஒரு விவசாயி, ஜமுனாமரத்தூர்

பதில்: தள்ளுவதும் தூக்குவதும் இரண்டு தனித்தனிச் சங்கதிகள். தள்ளுவதற்குக் காரணம் எடை. சுமார் இரண்டு டன் எடையுள்ள டிராக்டரின் பிரேக், பின்னால் அதைவிடக் கனமாக வரும் பிரேக் இல்லாத டிரெய்லரையும் சேர்த்து நிறுத்த வேண்டியிருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வைத்து, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே குறைந்த கியருக்கு வந்துவிடுங்கள். பாதி இறக்கத்தில் கியர் மாற்ற முயல்வதும், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் உயிருக்கு உலை வைக்கும் வேலைகள். டிராக்டரின் இடது, வலது பிரேக் பெடல்களை இணைக்கும் கொக்கி போட்டிருக்கிறதா என்று ரோட்டில் ஏறும்போதெல்லாம் பார்க்க வேண்டும். வயலில் திரும்புவதற்காக எடுத்துவிட்ட கொக்கியைப் போடாமல் ரோட்டுக்கு வந்து, ஒரு பெடலை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒருபக்கம் திரும்பும். பின்னால் வரும் டிரெய்லர் அதை மடக்கிக் கவிழ்த்துவிடும். மலைப்பாதையில் நிரந்தரமாக ஓட்டுகிறவர், அடுத்து டிரெய்லர் செய்யும்போது பிரேக் வைத்தே செய்யச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

முன்சக்கரம் தூக்குவது, டிரெய்லரை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இழுக்கும் இடம் டிராக்டரின் பின் ஆக்சிலைவிட உயரத்தில் இருந்தால், ஏற்றத்தில் டிராக்டர் பின்பக்கமாக மல்லாந்துவிடும் அபாயம் உண்டு. தயாரிப்பாளர் இதற்கென்று கீழே கொடுத்திருக்கும் கொக்கியில் மட்டுமே மாட்டுங்கள். இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தை ஏற்றும் விதமும் முக்கியம். முழுப் பாரமும் முன்பக்கம் குவிந்தால் கொக்கியின்மீது சுமை ஏறி முன்சக்கரம் லேசாகும். முழுவதும் பின்பக்கம் குவிந்தால் ஏர்க்கால் (டிராக்டரில் மாட்டும் டிரெய்லரின் முன்நீட்டம்) மேலே எழும்பி, டிராக்டரின் பின்சக்கரம் பிடிமானம் இழந்து சறுக்கும். பாரத்தை ஆக்சிலுக்குச் சற்று முன்னால் சேருமாறு ஏற்றுவதுதான் வழக்கம்.

கொக்கியில் போடும் பின்னுக்குப் பதிலாகக் கட்டுமானக் கம்பியை வெட்டிச் சொருகியிருக்கும் டிரெய்லர்களை இன்றும் பார்க்கிறேன். சரியான அளவுள்ள பின்னும், அது குதித்து வெளியே வராமல் இருக்கப் பூட்டும் அவசியம். ஏர்க்காலின் வளையம் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தால் லேத்தில் கொடுத்துப் புஷ் போட்டுக்கொள்ளுங்கள். பின் முறிந்தாலும் டிரெய்லர் கழன்றுபோகாதபடி ஏர்க்காலுக்கு அடியில் ஒரு கனமான சங்கிலியும் இருக்கட்டும்.

கேள்வி: டிப்பரைத் தூக்கி நிறுத்தினால் தானாகவே மெல்ல இறங்குகிறது. ஹோஸிலும் எங்கோ ஆயில் கசிகிறது. - ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: சிலிண்டரின் வெளிப்புறத்தில் ஆயில் வழிந்தால் சிலிண்டர் சீல் போயிருக்கிறது. வெளியே எங்கும் கசிவே இல்லாமல் இறங்கினால் டிராக்டரின் கண்ட்ரோல் வால்வில் கசிவு இருக்கலாம். ஹோஸில் கசியும் இடத்தைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித் துளையிலிருந்து அழுத்தத்தோடு பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்க நேரலாம். ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் கசியும் இடம் அதில் ஈரமாகத் தெரியும். ஹைட்ராலிக் ஆயில் அளவை டிப்பர் தொட்டி கீழே இறங்கியிருக்கும்போது பார்க்க வேண்டும்; தூக்கிய நிலையில் பார்த்து ஊற்றினால், இறக்கும்போது நிரம்பி வழியும்.

தானாக இறங்கும் தொட்டிக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும், ஒரு நொடிகூட, தலையைக் கொடுக்காதீர்கள். காலித் தொட்டியைத் தூக்கி, அதற்கென்று உள்ள இரும்பு முட்டுக்காலை நிறுத்திய பிறகுதான் கிரீஸ் அடிப்பதற்கே போக வேண்டும். முட்டு இல்லாத டிப்பராக இருந்தால் இந்த வாரமே வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். தூக்கும் இடத்துக்கு மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் லீவரைத் தொட வேண்டும்.

கேள்வி: டிரெய்லரில் இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது. டிராக்டருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. டிரெய்லருக்குத் தனியாக வேண்டுமா? - ஒரு வாசகர், துறையூர்

பதில்: இரண்டு விளக்குகளும் சேர்ந்து மினுக்கினால், எர்த் சரியில்லை. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் பக்கத்து விளக்கு வழியாகப் போகிறது. பல்பை மாற்றுவதற்கு முன், விளக்கின் எர்த் ஒயர் சேஸில் (டிரெய்லரின் அடிச்சட்டத்தில்) திருகியிருக்கும் இடத்தைக் கழற்றி, பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் சுரண்டி மீண்டும் இறுக்குங்கள். கொக்கியின் வழியாகவே எர்த் வந்துவிடும் என்று விட்டிருந்தால், 7 பின் பிளக்கில் எர்த்துக்கென்று உள்ள பின்னுக்கு ஒரு தனி ஒயர் இழுத்துவிடுங்கள். வைக்கோலோ கரும்போ பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு நல்ல விளக்கும் மறைந்துவிடும்; சரக்கின் கடைசி முனையிலும் ஒரு சிவப்பு ஒளிப்பட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். விளக்கு எரியாமல் ரோட்டோரம் நிற்கும் டிரெய்லரில், இரவில் பின்னால் வந்து மோதுகிறவர் பெரும்பாலும் இருசக்கர வாகனத்தில் வருகிறவர்தான்.

இன்ஷூரன்ஸ் பற்றி: 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 'மோட்டார் வாகனம்' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே டிரெய்லரும் அடங்குகிறது. ஆகவே, அதற்கும் பதிவு எண் வேண்டும், இன்ஷூரன்ஸும் வேண்டும். டிராக்டரின் பாலிசியில் டிரெய்லரின் பதிவு எண்ணையும் சேர்த்துப் பிரீமியம் கட்டியிருக்கிறீர்களா என்று பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் டிரெய்லர் எண் இல்லையென்றால், அடுத்த நடைக்கு முன் ஏஜெண்டைப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.